ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஒரு பிற்பகல்: எதற்குச் செலவழிப்பது, எதை விட்டுவிடுவது

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலோர் ராஃபிள்ஸ் ஹோட்டலை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெள்ளை மாளிகை, வாசலில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர், வரிசையாக நிற்கும் விலையுயர்ந்த கார்கள். எதிர்ப்புறம் நின்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காசு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் கூச்சம். 'நமக்கெல்லாம் இது சரிப்படுமா, உள்ளே விடுவார்களா, ஏதாவது தப்பாக நடந்துகொண்டுவிடுவோமோ' என்ற தயக்கம்.

இந்த அத்தியாயம் அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்காக. ஒரு பெரிய ஹோட்டலின் சொகுசை அனுபவிக்க அங்கே தங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. ஒரே ஒரு சுகத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கதையைத் தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு பிற்பகலை முழுசாக ஒதுக்கினால் போதும். பத்து இடத்தில் பாதிப் பாதியாகச் செலவழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முதலில், இது என்ன இடம்?

1887 டிசம்பர் 1ஆம் தேதி, பீச் ரோட்டில் இருந்த ஒரு பழைய பங்களாவில் 10 அறைகளோடு இந்த ஹோட்டல் திறக்கப்பட்டது. தொடங்கியவர்கள் சார்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியக் குடும்பத்தார். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், ரங்கூனின் ஸ்ட்ராண்ட் ஆகிய ஹோட்டல்களும் அவர்கள் நடத்தியவைதான். சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸின் பெயரை ஹோட்டலுக்கு வைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் மூன்று மாடி முதன்மைக் கட்டடம் 1899இல் எழுந்தது. வடிவமைத்தவர் பிட்வெல் என்ற கட்டடக் கலைஞர். அப்போதே மின்விளக்கும் மின்விசிறியும் அதில் இருந்தன.

சாலையின் பெயர் பீச் ரோடு என்றாலும் அங்கே நின்றால் கடல் தெரியாது. அந்தக் காலத்தில் ஹோட்டல் வாசலுக்கு நேரே கடல்தான் இருந்தது. பிறகு மண் கொட்டி நிலமாக்கிவிட்டார்கள்.

சோமர்செட் மாம், ஜோசப் கான்ராட், ருட்யார்ட் கிப்ளிங் போன்ற எழுத்தாளர்களின் பெயர்கள் இந்த ஹோட்டலோடு ஒட்டிக்கொண்டவை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, இறைச்சி பரிமாறும் வெள்ளித் தள்ளுவண்டியை ஊழியர்கள் தோட்டத்தில் புதைத்து வைத்துக் காப்பாற்றினார்கள் என்பது ஹோட்டலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஜப்பானியர் காலத்தில் இதன் பெயர் சியோனான் ரியோகன். போர் முடிந்ததும் சில காலம் விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகள் தங்கும் முகாமாக இருந்தது. 1987இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கடைசிப் பெரிய புதுப்பிப்பு முடிந்து மறுபடி திறந்தது 2019இல். இப்போது இதில் இருப்பவை 115 அறைத்தொகுதிகள். எல்லாமே சூட், சாதாரண ஒற்றை அறை என்பதே கிடையாது.

போகும் வழியே ஒரு பாடம்

நம்மவர்கள் பலரும் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் தங்குவார்கள். அங்கிருந்து டாக்ஸி தேவையே இல்லை. லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. நிலையத்தில் ஊதா நிறத் தடத்தில் ஏறி, அடுத்த நிலையமான டோபி காட்டில் இறங்கி, சிவப்புத் தடத்துக்கு மாறுங்கள். அடுத்த நிலையம் சிட்டி ஹால். வெளியே வந்தால் பொடிநடையாகப் போய்விடலாம்.

சிட்டி ஹால் நிலையத்தை ஒட்டி ஒரு வெள்ளைத் தேவாலயம் நிற்கிறது: செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல். ஹோட்டலுக்குப் போகும் முன் பத்து நிமிடம் இங்கே செலவிடுங்கள். 1850களின் பிற்பகுதியில், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டடம் இது. உள்சுவர்களுக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணம். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றும் நம் ஊர் வேலை. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இதைப் பார்த்துவிட்டு ஹோட்டலுக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரின் அழகில் நம்மவர் கைவேலை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, எந்த வாசலிலும் தயங்கி நிற்கத் தோன்றாது.

எதுவரை உள்ளே போகலாம்?

ஹோட்டலை இரண்டு பகுதியாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள்.

*முதன்மைக் கட்டடம்:* சீக்கியக் காவலர் நிற்கும் பெரிய வாசலும் அதற்குள் இருக்கும் கிராண்ட் லாபியும். இது தங்குபவர்களுக்கும், உள்ளே மேசை பதிவு செய்தவர்களுக்கும் உரியது. சும்மா சுற்றிப் பார்க்க வந்தோம் என்றால் பணிவாகத் திருப்பி அனுப்புவார்கள். அதில் அவமானப்பட ஒன்றுமில்லை. தங்கியிருப்பவர்களின் தனிமையைக் காப்பது அவர்கள் வேலை. மேசை பதிவு செய்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள், கதவு திறக்கும். காவலரோடு படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

*ராஃபிள்ஸ் ஆர்கேட்:* ஹோட்டலின் பின்பகுதியில், கடைகளும் உணவகங்களும் நடைகூடங்களும் உள்ள பகுதி. இங்கே யார் வேண்டுமானாலும் நடக்கலாம். இதன் முற்றத்தில் நிற்கும் வார்ப்பிரும்பு நீரூற்றைத் தவறவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்டு, முன்பு தெலுக் ஆயர் சந்தையிலும் பிறகு ஆர்ச்சர்ட் ரோடு சந்தையிலும் நின்றிருந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது.

ஹோட்டலைச் சுற்றிலும் பெரிய விசிறியை விரித்து வைத்ததுபோல ஒரு மரம் நிற்கும். அதுதான் ஹோட்டலின் சின்னம். பனை இனம் போலத் தெரிந்தாலும் பனை அல்ல. மடகாஸ்கரிலிருந்து வந்த, வாழைக்குத் தூரத்து உறவான மரம்.

மூன்று சுகங்கள்: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

1. பிற்பகல் தேநீர்

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். கிராண்ட் லாபியில் பரிமாறுகிறார்கள். ஹோட்டலின் உள்ளழகை முழுதாகப் பார்க்கவும் இதுவே வழி: மூன்று மாடி உயரத்துக்கு எழும்பும் வெள்ளைத் தூண்கள், மேலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம், சரவிளக்கு, மூலையில் ஹோட்டலைவிட வயதான ஒரு நெடுங்கடிகாரம்.

முன்பதிவு கட்டாயம். வார இறுதி என்றால் பல நாள் முன்பாகவே பதிவு செய்துவிடுங்கள். சைவ உணவுக்காரர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் சிரமம், உங்களுக்கும் ஏமாற்றம். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. முட்டை சாப்பிடுவீர்களா, மாட்டீர்களா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஜெலட்டின் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐரோப்பிய இனிப்புகள் பலவற்றில் முட்டை உண்டு. ஆடாமல் நிற்கும் கூழ் வகை இனிப்புகளில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்ப்பது வழக்கம்.

மூன்று அடுக்குத் தட்டு வரும். பார்த்ததும் மேலே இருக்கும் இனிப்பில்தான் கை போகும். பொறுங்கள். முதலில் காரம்: விரல் நீளத்துக்கு வெட்டிய சாண்ட்விச்கள். அடுத்தது ஸ்கோன். இனிப்பு கடைசி. ஸ்கோனைக் கத்தியால் அறுக்காதீர்கள். நன்றாகச் சுட்ட ஸ்கோனின் இடுப்பில் இயல்பாகவே ஒரு வெடிப்பு இருக்கும், அங்கே கையால் பிளந்தால் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு வாய்க்கும் தேவையான அளவு கெட்டிப் பாலாடையும் ஜாமும் வைத்துச் சாப்பிடுங்கள். எது முதலில், பாலாடையா ஜாமா என்பதில் இங்கிலாந்திலேயே டெவன்காரர்களுக்கும் கார்ன்வால்காரர்களுக்கும் தீராத வழக்கு. நீங்கள் எப்படி வைத்தாலும் தவறில்லை.

தேயிலையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். நம் நாக்கு பால் சேர்த்த கடும் டீக்குப் பழகியது. அதே சுவை வேண்டுமானால் அசாம் அல்லது இலங்கைத் தேயிலையைக் கேட்டு, பாலைத் தனியே வாங்கிச் சேருங்கள். புதிதாக எதையாவது பார்க்கலாம் என்றால் டார்ஜிலிங்கைப் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள்.

2. லாங் பாரில் ஒரு சிங்கப்பூர் ஸ்லிங்

நேரமும் பணமும் குறைவாக இருப்பவர்களுக்கு இது. லாங் பார் ஆர்கேட் பகுதியில் இருக்கிறது. இரண்டாம் தளம் என்று போட்டிருக்கும். சிங்கப்பூரில் தரைத்தளமே முதல் தளம், ஆகவே ஒரு மாடி ஏறினால் போதும். முன்பதிவை நம்பாமல் வரிசையில் நின்று போகும் இடம் இது. மாலையில் வரிசை நீளும். மதியம் கடை திறந்த கையோடு போய்விடுவது உத்தமம்.

சிங்கப்பூர் ஸ்லிங் பிறந்தது 1915இல் என்கிறது ஹோட்டல். உருவாக்கியவர் இங்கே மதுக்கலவைக்காரராக இருந்த, ஹைனான் தீவைச் சேர்ந்த சீனர் ஙியாம் தோங் பூன். பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது ஒழுங்கல்ல என்று கருதப்பட்ட காலம் அது. பார்வைக்குப் பழச்சாறு போலவே இருக்கும் ஒரு பானத்தைச் செய்து அவர்களுக்கு வழி செய்து கொடுத்தார் என்பது கதை. ஜின், செர்ரி லிக்கர், பெனடிக்டீன், குவாந்த்ரோ, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு, மாதுளை நிறப் பாகு, சில சொட்டு பிட்டர்ஸ். ஐஸோடு நன்றாகக் குலுக்கி உயரமான கிளாஸில் ஊற்றும்போது, அன்னாசிச் சாறு தரும் வெண்ணுரை ஒரு விரல்கடை உயரத்துக்கு மேலே நிற்கும், கீழே இளஞ்சிவப்பு. ஓரத்தில் ஒரு துண்டு அன்னாசி, ஒரு செர்ரி.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, இது இனிப்பான பானம். உள்ளே இருக்கும் மதுவை நாக்கு காட்டிக்கொடுக்காது. வெயிலில் நடந்து களைத்து வந்து மடமடவென்று குடித்துவிட்டால் தலை சுற்றும். ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகக் குடியுங்கள். இன்னொன்று, மது அருந்தாதவர்களும் இங்கே வரலாம். மது சேர்க்காத வகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு மது பரிமாற மாட்டார்கள்.

மேசையில் தோலோடு வறுத்த வேர்க்கடலை இருக்கும். உடைத்துத் தின்றுவிட்டுத் தோலைத் தரையில் போடுவதுதான் இங்கே முறை. தெருவில் ஒரு காகிதத்தைப் போட்டால் முதல் தடவைக்கே 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கக்கூடிய நாட்டில், ஊழியர்களே போடச் சொல்லும் இடம் இது. காலடியில் தோல்கள் நொறுங்கும் சத்தம் இந்த இடத்தின் சங்கீதம். தயங்காமல் போடுங்கள்.

தலைக்கு மேலே பாருங்கள். ஓலை விசிறி வடிவில் வரிசையாக விசிறிகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். இன்று அவற்றை ஆட்டுவது மோட்டார். காலனியக் காலத்தில் இப்படிப்பட்ட விசிறிகளைக் கயிறு கட்டி இழுக்க ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

இந்த பாரின் அலங்காரம் 1920களின் மலாயா தோட்டத் துரைமார்களின் வாழ்க்கையை நினைவூட்டும்படி அமைக்கப்பட்டது. அந்த ரப்பர் தோட்டங்களில் விடியலுக்கு முன் எழுந்து பால்மரம் சீவியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். துரைமார்களுக்குச் சிங்கப்பூர் வந்து குடிக்க வசதி தந்தது அந்தப் பால்தான். இங்கே உட்காரும் தமிழ் வாசகர் இதை மறக்க வேண்டாம். மனம் கசந்து எழுந்து போவதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் காசு கொடுத்துக் கால்மேல் கால் போட்டு உட்காரும் இடமாக இது இன்று மாறியிருப்பதைப் பெருமையோடு உணர்வதற்காகவே.

3. டிஃபின் ரூமில் ஒரு சாப்பாடு

லாபியை ஒட்டிய பழைய உணவுக்கூடம். பரிமாறுவது வட இந்திய உணவு. சாப்பாடு தரமானது, கூடம் அழகானது. ஆனாலும் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு மூன்றில் கடைசி இடத்தைத்தான் இதற்குக் கொடுப்பேன். நல்ல வட இந்திய உணவு நம் ஊரிலேயே கிடைக்கிறது. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள், அவர்களுக்கு ஸ்கோனும் சாண்ட்விச்சும் ஒத்துவராது என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

ஓர் இரவு தங்குவதென்றால்

திருமண நாள், அறுபதாம் கல்யாணம் போன்ற வாழ்நாள் விசேஷங்களுக்கு ஓர் இரவு தங்கலாம் என்று நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

- ஓர் இரவு போதும். மற்ற நாட்களுக்குச் சாதாரண ஹோட்டலில் இருங்கள். 
- சுற்றிப் பார்க்கும் நாளில் இங்கே தங்காதீர்கள். காலையில் வெளியே போய் இரவு வந்து படுப்பதற்கு இவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை. அறை கிடைக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து, மறுநாள் காலி செய்யும் நேரம்வரை ஹோட்டலை விட்டு நகராமல் இருங்கள். 
- ஒவ்வொரு சூட்டிலும் முன்னறை, படுக்கையறை, குளியலறை தனித்தனி. வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டிருக்கும். காலைக் காபியை அங்கே வரவழைத்துக் குடியுங்கள். 
- 24 மணி நேரமும் பட்லர் சேவை உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. சட்டைக்கு இஸ்திரி வேண்டுமா, மறுநாள் வண்டி வேண்டுமா, தயங்காமல் கேளுங்கள். எதற்குக் கட்டணம், எதற்கு இல்லை என்பதைக் கேட்டபின் செய்யச் சொல்லுங்கள். 
- அறைக்குள் நுழையும்போதே கிரெடிட் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். கிளம்பிய பிறகு அது விடுபடச் சில நாளாகும். பயணச் செலவுக்கு அந்த ஒரே கார்டை நம்பியிருக்காதீர்கள். 

பில்லைப் படிப்பது எப்படி?

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி (++) இருக்கும். அதாவது 10 சதவீதம் சேவைக் கட்டணமும், அதன்மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் தனி. ஒரு பேச்சுக்கு 100 வெள்ளி என்று போட்டிருந்தால் நீங்கள் கொடுப்பது 119 வெள்ளி 90 காசு. நான்கு பேர் குடும்பத்துக்கு இது சிறிய வித்தியாசம் அல்ல. கணக்குப் போடும்போதே ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சேவைக் கட்டணம் சேர்ந்துவிடுவதால் டிப்ஸ் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. கொடுக்காமல் வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கடைகளில் வாங்கும் பொருளுக்குச் சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்தில் ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெறும் திட்டம் இருக்கிறது. சாப்பிட்டதற்கும் தங்கியதற்கும் அது பொருந்தாது.

கார்டைத் தேய்க்கும்போது, 'இந்திய ரூபாயிலா, சிங்கப்பூர் வெள்ளியிலா' என்று மெஷின் கேட்டால் சிங்கப்பூர் வெள்ளியையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் கணக்கு எளிதாகத் தெரியும். ஆனால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள்.

உடையும் நடையும்

- ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, முழுக்கால் பேன்ட், ஷூ. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். பெண்களுக்குப் புடவை, சல்வார் தாராளம். கோட்டு வாங்கி மாட்டத் தேவையில்லை. 
- வெளியே புழுக்கம், உள்ளே ஏ.சி. குளிர். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மெல்லிய சால்வை எடுத்துப் போங்கள். 
- எந்தக் கரண்டி எதற்கு என்று புரியாவிட்டால் பரிமாறுபவரிடம் கேளுங்கள். கேட்பவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். 
- மெனுவில் புரியாத பெயர் இருந்தால், 'இதில் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இருக்கிறதா' என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். 
- தட்டு வந்ததும் படம் எடுப்பதில் தவறில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 
- குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு கதை: 1902இல் சர்க்கஸிலிருந்து தப்பி வந்த ஒரு புலி, இந்த ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் சுடப்பட்டது. மேசைக்கு அடியில் என்று சிலர் சொல்வார்கள். தரையிலிருந்து தூக்கிக் கட்டிய அந்தக் கட்டடத்தின் அடியில்தான் புலி பதுங்கியிருந்தது. 

எங்கள் பரிந்துரை

குடும்பமாகப் போகிறவர்கள் பிற்பகல் தேநீரைத் தேர்ந்தெடுங்கள். தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்களுக்கு லாங் பாரும் வேர்க்கடலையும் போதும். தங்குவதை வாழ்க்கையின் பெரிய விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே பயணத்தில் செய்துவிட வேண்டும் என்று கிளம்பினால் பில்தான் நினைவில் நிற்கும்.

தேர்ந்தெடுத்த ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்குப் பின் வேறு எந்த இடத்துக்கும் டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் இங்கே காசு கொடுக்கிறோம். போகும் முன் ஹோட்டலின் இணையதளத்தில் நேரத்தையும் விலையையும் சரிபார்த்து, மேசையைப் பதிவு செய்துவிட்டு, நிமிர்ந்து நடந்து உள்ளே போங்கள்.